கணினியின் முன் தயங்கும் கை: அச்சமும் தன்னம்பிக்கையும் பற்றிய ஒரு பாடம்

இப்பாடத்தின் நோக்கம்

மாநகரசபைச் சேவைகள் பலவற்றையும், வங்கி, மருத்துவம், பாடசாலை, வரி ஆகியவை சார்ந்த அலுவல்களையும் இன்று இணையத்தின் வழியாகவே நிறைவேற்ற வேண்டியுள்ளது. ஆகவே கணினியைக் கையாளத் தயங்குவோர், தமக்குரிய சேவைகளைத் தாமே பெற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் சிறிது சிறிதாக இழந்துவிடுகின்றனர்.

இப்பாடத்தைப் படித்து முடித்தபின் நீங்கள் பின்வருவனவற்றை விளங்கிக்கொள்வீர்கள்:

- அச்சம் ஒருவரின் திறமையை எவ்வாறு குறைக்கின்றது
- தன்னம்பிக்கை எவ்வழிகளில் வளர்கின்றது
- உதவி செய்வோர் எவ்வாறு உதவினால் கற்பவர் பயனடைவார்
- எதற்கு அஞ்ச வேண்டியதில்லை, எதில் விழிப்பாக இருக்க வேண்டும்

1. ஒரு காட்சி

நூலகக் கணினி ஒன்றின் முன் அமர்ந்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இலங்கையில் பல ஆண்டுகள் கணக்காளராகப் பணியாற்றியவர் அவர். நீண்ட பேரேடுகளைப் பிழையின்றி எழுதி முடித்த கை அவருடையது. இன்று அவர் தமது பேரப்பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்ப்பதற்காக மாநகரசபையின் இணையப் பதிவுப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதை அவர் அறிவார்.

மின்னஞ்சல் முகவரியை எழுதும் இடம் வருகின்றது. வீட்டில் மகள் காட்டிக் கொடுத்தபடியே ஷிப்ட் விசையையும் 2 என்ற விசையையும் சேர்த்து அழுத்துகிறார். @ குறிக்குப் பதிலாக மேற்கோள் குறி தோன்றுகின்றது. அழித்துவிட்டு மீண்டும் அழுத்துகிறார், மீண்டும் அதுவே. மூன்றாம் முறை அழுத்தும்போது கை வியர்க்கின்றது. பின்னால் ஒருவர் தம் முறைக்காகக் காத்திருப்பது தெரிகின்றது. “எனக்கு இது சரிவராது” என்று சொல்லிக்கொண்டு அவர் எழுந்துவிடுகிறார்.

உண்மையில் அவர் செய்தது பிழையன்று. கியூபெக்கில் பயன்படும் விசைப்பலகைகள் பல, பிரெஞ்சு மொழிக்கேற்ப அமைக்கப்பட்டவை. அவற்றில் @ குறியைப் பெறுவதற்கு இடைவெளி விசையின் வலப்பக்கத்தில் உள்ள ‘ஆல்ட் கார்’ விசையையும் 2ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆங்கில விசைப்பலகையில் சாய்கோடு தோன்றும் இடத்தில் இவற்றில் ‘எ’ என்ற ஒலியுடைய பிரெஞ்சு எழுத்து தோன்றும். வீட்டுக் கணினியின் அமைப்பு வேறு, நூலகக் கணினியின் அமைப்பு வேறு. ஒரு விசையின் வேறுபாட்டை அந்த மனிதர் தமது அறிவின் குறையாக எடுத்துக்கொண்டார். இப்பாடம் ஆராய்வது அவர் ஏன் அவ்வாறு எடுத்துக்கொண்டார் என்பதையே.

2. அச்சம் திறமையை எவ்வாறு குறைக்கின்றது?

ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அதற்குத் தேவையான செய்திகளை மனம் சிறிது நேரம் ஏந்தி வைத்திருக்கின்றது. எந்தப் பெட்டியில் எதை எழுத வேண்டும், கடவுச்சொல் எது, அடுத்து அழுத்த வேண்டிய பொத்தான் எது என்பவை அத்தகையவை. உளவியலாளர் இதனைச் செயல்நினைவு என்பர். இதன் கொள்ளளவு மிகச் சிறியது.

அச்சம் தோன்றும்போது அந்தச் சிறிய இடத்தில் வேறு எண்ணங்கள் வந்து அமர்ந்துகொள்கின்றன. “பிழைத்துவிட்டால் என்ன ஆகும்? பின்னால் நிற்பவர் என்ன நினைப்பார்? இதைக்கூடச் செய்யத் தெரியவில்லையே.” இவ்வெண்ணங்கள் செயல்நினைவின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால் வேலைக்குரிய இடம் குறைந்துவிடுகின்றது. திரையிலேயே எழுதப்பட்டுள்ள அறிவுறுத்தலைக் கண்கள் பார்க்கின்றன. மனம் அதை வாசிப்பதில்லை. தெரிந்த கடவுச்சொல்லும் மறந்துபோகின்றது.

இதனால் ஒரு சுழற்சி உண்டாகின்றது. அச்சத்தால் பிழை நேர்கின்றது. அப்பிழையைக் கண்டு “என்னால் முடியாது” என்ற எண்ணம் வலுப்பெறுகின்றது. அவ்வெண்ணத்தால் அடுத்த முறை அச்சம் மிகுகின்றது. நாளடைவில் அவர் கணினிப் பக்கமே செல்வதில்லை. பழக்கம் இல்லாததால் திறமை மேலும் குறைகின்றது. வெளியிலிருந்து பார்ப்போர் “வயது போய்விட்டது, இனிப் பழக முடியாது” என்கின்றனர். ஆனால் பழகும் வாய்ப்பைத் தடுத்து நின்றது பெரும்பாலும் அச்சமே.

3. மொன்றியல் ஆய்வாளர்கள் கூறுவது

மன அழுத்தம் பற்றிய ஆய்வில் எமது நகருக்குச் சிறப்பான இடம் உண்டு. வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் செலியே மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, உடல் பலவகைத் துன்பங்களுக்கும் பொதுவாகக் காட்டும் எதிர்வினையை 1936இல் விவரித்தார். பின்னர் 1945 முதல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆய்வு நடத்தினார். மன அழுத்தத்தைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல் உலகெங்கும் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இத்துறையில் இன்று மொன்றியலில் பணியாற்றும் அறிஞர்களுள் பேராசிரியர் சோனியா லூப்பியென் குறிப்பிடத்தக்கவர். மனித மன அழுத்த ஆய்வு மையத்தை 2004இல் நிறுவியவர் அவர். ஒரு நிலைமை எமது உடலில் அழுத்த எதிர்வினையைத் தோற்றுவிப்பதற்கு நான்கு கூறுகள் காரணமாகின்றன என்று அவர் விளக்குகின்றார். நான்கும் ஒருங்கே அமைய வேண்டும் என்பதில்லை. ஒன்று இருந்தாலே போதும். கூறுகள் கூடக்கூட அழுத்தமும் கூடும். அவற்றை நூலகக் காட்சியுடன் பொருத்திப் பார்ப்போம்.

*புதுமை.* முன்பு காணாத பக்கம், பழகாத விசைப்பலகை.

*எதிர்பாராமை.* ஒரு விசையை அழுத்தினால் வேறு குறி தோன்றுகின்றது. அடுத்து என்ன நேரும் என்று கணிக்க முடிவதில்லை.

*தன்மதிப்புக்கு நேரும் அச்சுறுத்தல்.* பிறர் பார்க்கத் தடுமாறுதல். ஊரில் ஆசிரியராகவோ அலுவலராகவோ மதிப்புடன் வாழ்ந்தவருக்கு இது மிகவும் வலிக்கும்.

*கட்டுப்பாடு கைவிட்டுப்போதல்.* நிலைமையைச் சீராக்கும் வழி தமக்குத் தெரியாது என்ற உணர்வு.

கணினியின் முன் நான்கு கூறுகளும் ஒரே வேளையில் சேர்ந்து வரக்கூடும். ஆகவே அங்கு நெஞ்சு படபடப்பது எவருக்கும் இயல்பே. அதனைக் கோழைத்தனம் என்றோ அறிவுக்குறைவு என்றோ கருதுவது தவறு.

லூப்பியெனும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எமது முதியோருக்கு மிகவும் பயனுள்ளது. நினைவாற்றல் சோதனை நடைபெறும் சூழல், சோதனையின் முடிவை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை அவர்கள் ஆராய்ந்தனர். தமக்கு ஒவ்வாத சூழலில் சோதிக்கப்பட்ட முதியோரின் உடலில் கோர்டிசோல் என்னும் அழுத்தச் சுரப்பு கூடியிருந்தது. நினைவாற்றலும் குறைந்து காணப்பட்டது. தமக்கு ஏற்ற சூழலில் சோதிக்கப்பட்ட முதியோர் அதனினும் நன்றாக நினைவுகூர்ந்தனர். முதுமையின் குறை என்று நாம் எண்ணுவதில் ஒரு பகுதி சூழல் உண்டாக்கும் குறையே என்பது இதனால் புலனாகின்றது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கின்றது. மனம் தெளிவாக உள்ள வேளையில், அமைதியான இடத்தில், பழகிய கணினியில், அவசரம் இல்லாத நாளில் கற்கத் தொடங்குங்கள். நீச்சல் வகுப்புக்கான பதிவு தொடங்கும் அந்தக் காலைப்பொழுது முதற்பாடத்திற்கு உகந்த நேரம் அன்று.

4. தன்னம்பிக்கை எங்கிருந்து வருகின்றது?

அல்பேர்ட்டா மாகாணத்தின் மண்டேர் என்ற சிற்றூரில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு 1925இல் பிறந்தவர் அல்பேர்ட் பண்டூரா. பின்னாளில் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக விளங்கிய அவர், ஒரு குறித்த செயலைத் தம்மால் செய்ய முடியும் என்று ஒருவர் கொண்டுள்ள நம்பிக்கையைப் பற்றி 1977இல் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒருவர் ஒரு வேலையைத் தொடங்குவாரா, இடையூறு வந்தபோது தொடர்வாரா, கைவிடுவாரா என்பதை இந்நம்பிக்கை பெரிதும் தீர்மானிக்கின்றது என்பது அவருடைய கருத்து.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். பண்டூராவும் அவருடைய குழுவினரும் பாம்புக்குக் கடுமையாக அஞ்சுவோரைக் கொண்டே இதனைச் சோதித்தனர். ஒரு பிரிவினர் வேறொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தனர். மற்றொரு பிரிவினர் வழிகாட்டி ஒருவரின் துணையுடன் படிப்படியாகத் தாமே பாம்பைத் தொட்டுக் கையாண்டனர். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் செய்யப்படவில்லை. பார்த்தவர்களிடம் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. தம் கையால் தொட்டவர்களிடமே நம்பிக்கையும் செயலும் மிக உயர்ந்திருந்தன.

தன்னம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்று பண்டூரா வகுத்தார்.

*முதலாவது, தாமே செய்து பெற்ற வெற்றி.* நான்கினுள்ளும் இதுவே வலிமை மிக்கது. ஒரு மின்னஞ்சலைத் தாமே எழுதி அனுப்பியவர், பத்து விரிவுரைகளைக் கேட்டவரினும் உறுதியான நம்பிக்கை பெறுகின்றார்.

*இரண்டாவது, தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது.* ‘தம்மைப் போன்ற’ என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பேரன் விரைவாகச் செய்து காட்டுவதைக் காணும் பாட்டிக்கு, “இது பிள்ளைகளின் வேலை” என்ற எண்ணமே தோன்றக்கூடும். அவருடைய வயதையொத்த அயலவர் ஒருவர் நிதானமாகச் செய்வதைக் கண்டால், “அவவுக்கு முடியுமென்றால் எனக்கும் முடியும்” என்று மனம் சொல்லும்.

*மூன்றாவது, நம்பத்தகுந்தவரின் ஊக்கச்சொல்.* வெறும் புகழ்ச்சி நீண்ட நாள் நிற்காது. “நேற்று நீங்கள் தனியே கணக்கைத் திறந்தீர்கள், இன்றைக்கும் அதே வழிதான்” என்பது போல, நடந்த ஒன்றைச் சுட்டும் சொல்லே பயன் தரும்.

*நான்காவது, உடலின் நிலையை விளங்கிக்கொள்ளும் முறை.* நெஞ்சு படபடக்கும்போது “நான் தோற்கப்போகிறேன்” என்று கொள்ளலாம். “புதிய வேலைக்கு உடல் ஆயத்தமாகின்றது” என்றும் கொள்ளலாம். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து, சில தடவை மெதுவாக மூச்சை விட்டுப் பின் தொடர்வது இரண்டாவது எண்ணத்திற்கு இடமளிக்கும்.

எமது சமூகத்தின் அண்மைக்கால வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. தமிழ் எழுத்துக்கள் கணினியில் எளிதில் தோன்றாத காலத்தில், ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களைக் கொண்டு புலம்பெயர்ந்த தமிழர்கள் செய்தித்தாள்களையும் திருமண அழைப்பிதழ்களையும் கோயில் மலர்களையும் அச்சிட்டனர். எந்த ஆங்கில விசை எந்தத் தமிழ் எழுத்தைத் தரும் என்பதை அவர்கள் விரல்களாலேயே மனனம் செய்தனர். அவர்களுள் பலர் கணினியை முறையாகக் கற்றவர் அல்லர். வேலை முடிந்து வந்து, இரவில் தாமே செய்து பார்த்துப் பழகியவர்கள். இன்று நாம் காணும் பதிவுப் படிவங்கள் அதனினும் எளியவை.

5. உதவி எப்போது தடையாகின்றது?

டெபோரா கொம்போ, கிறிஸ்தோஃபர் ஹிகின்ஸ் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள், கனடாவின் முகாமையாளர்களும் தொழில்வல்லுநர்களுமாக ஆயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வை 1995இல் வெளியிட்டனர். கணினி பற்றிய தன்னம்பிக்கையை அளப்பதற்குப் பத்து வினாக்களைக் கொண்ட அளவுகோல் ஒன்றை அவர்கள் உருவாக்கினர். புதிய மென்பொருள் ஒன்றைக் கொண்டு ஒரு வேலையை முடிக்க வேண்டும் எனின், சொல்லித்தர எவரும் இல்லாதபோது முடியுமா, முதலில் ஒருவர் செய்து காட்டினால் முடியுமா, போதிய நேரம் இருந்தால் முடியுமா என்பன போன்றவை அவ்வினாக்கள்.

தன்னம்பிக்கை மிகுந்தவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. அவர்கள் கணினியைக் கூடுதலாகப் பயன்படுத்தினர். உடன் பணியாற்றுவோரின் ஊக்கம் நம்பிக்கையை உயர்த்தியது. இவை எதிர்பார்க்கப்பட்டவையே. எதிர்பாராத முடிவு ஒன்றும் கிடைத்தது. பணியிடத்தில் உதவி மிகுதியாகக் கிடைத்தவர்களிடம் தன்னம்பிக்கை குறைவாகக் காணப்பட்டது. எப்போதும் உதவிக்கு ஒருவர் இருப்பதால், தாமே சிக்கலைத் தீர்த்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு வராமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இது எமது வீடுகளில் அன்றாடம் நிகழ்வதே. “அம்மா, கொஞ்சம் தள்ளுங்கோ, நான் செய்து தாறன்” என்று மகன் சுட்டியை வாங்கிக்கொள்கிறான். அன்பினால் செய்வதுதான், வேலையும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது. ஆனால் தாய்க்கு அதிலிருந்து கிடைப்பது, “என்னால் முடியாததை அவன் செய்கிறான்” என்ற பாடம் மட்டுமே. அடுத்த மாதமும் அவர் அவனையே அழைப்பார். அவனுக்கு நேரமில்லாத நாளில் கடவுச்சொல்லை வேறொருவரிடம் சொல்ல நேரும். தமது வங்கி இருப்பையும் மருத்துவத் தகவலையும் மற்றவர் வழியாகவே அறியும் நிலை அவருக்கு ஏற்படுகின்றது.

ஆகவே உதவி செய்வோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

- கற்பவரே விசைப்பலகையின் முன் அமரட்டும். நீங்கள் பக்கத்தில் அமருங்கள்.
- சுட்டியை வாங்காதீர்கள். எங்கே அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லால் காட்டுங்கள்.
- பிழை நேர்ந்தவுடன் திருத்தாதீர்கள். பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். பல வேளைகளில் அவரே கண்டுகொள்வார்.
- “இது சின்ன விடயம்தானே” என்று சொல்லாதீர்கள். சின்ன விடயத்தில் தடுமாறுகிறோம் என்ற எண்ணம் தன்மதிப்பை மேலும் புண்படுத்தும்.
- ஓர் அமர்வில் ஒரு செயலை மட்டும் கற்பியுங்கள். அதனை அவர் மூன்று முறை தாமே செய்து முடித்தபின் எழுங்கள்.

6. குறை எப்போதும் எம்முடையது அன்று

தன்னம்பிக்கை பற்றிப் பேசும்போது மற்றொரு உண்மையையும் மறத்தலாகாது. கணினிச் சேவைகளும் பிழையுடையனவாக இருக்கக்கூடும். கியூபெக் மோட்டார் வாகனக் காப்புறுதிச் சபை 2023 பெப்ரவரியில் புதிய இணையச் சேவைக்கு மாறியபோது, அதன் கிளைகளின் வாயில்களில் மக்கள் நீண்ட வரிசைகளில் காத்து நின்றனர். அத்திட்டம் பற்றி ஆராய்வதற்கு 2025இல் பொது விசாரணை ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வரிசைகளில் கணினியை நன்கறிந்தோரும் நின்றிருந்தனர்.

ஒரு பக்கம் திறக்காதபோது, “நான் என்ன பிழை செய்தேன்?” என்பதுடன் “இந்தப் பக்கத்தில் என்ன குறை?” என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வினாவைக் கேட்கப் பழகியவர் பதற்றமின்றி மற்றொரு வழியை நாடுவார்; சிறிது நேரம் கழித்து முயல்வார், தொலைபேசியில் அழைப்பார், நேரில் செல்வார்.

7. அச்சமும் விழிப்பும்

“ஏதாவது பழுதாகிவிடுமோ” என்ற அச்சம் பலருக்கு எல்லாப் பொத்தான்களின் மேலும் சமமாகப் பரவியுள்ளது. அதனைப் பிரித்தறிவதே நலம்.

*அஞ்ச வேண்டாதவை:* தவறான இடத்தில் அழுத்துதல், பக்கத்தை மூடிவிடுதல், எழுத்துப்பிழை விடுதல், முந்திய பக்கத்திற்குத் திரும்புதல். இவற்றால் கணினி பழுதாகாது. எழுதியது தவறுதலாக அழிந்துவிட்டால், பல செயலிகளில் கொன்ட்ரோல் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்த அது மீண்டு வரும். படிவத்தைப் பாதியில் விட்டால் மீண்டும் தொடங்க வேண்டி நேரலாம், அவ்வளவே.

*நின்று நிதானிக்க வேண்டியவை:* பணம் செலுத்துதல்; கடவுச்சொல்லையோ சமூகக் காப்புறுதி இலக்கத்தையோ கொடுத்தல்; அறியாதவர் அனுப்பிய இணைப்பைத் திறத்தல்; தொலைபேசியில் பேசும் ஒருவர் சொற்படி கணினியில் எதையேனும் நிறுவுதல். வங்கியிலிருந்தோ அரசிலிருந்தோ பேசுவதாகக் கூறி உடனே செய்யுமாறு அவசரப்படுத்தினால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையிலோ பழைய கடிதத்திலோ உள்ள இலக்கத்திற்கு நீங்களே அழையுங்கள். மோசடிக்காரர் விரும்புவதும் செயல்நினைவை அச்சத்தால் நிரப்புவதையே. பேரப்பிள்ளை சிறையில் இருப்பதாகவும், வரி செலுத்தாததால் கைது செய்யப்போவதாகவும் அவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

எல்லாவற்றிற்கும் அஞ்சுபவர் விரைவில் களைத்துவிடுகிறார். களைத்தவர் முக்கியமான இடத்தில் கவனம் தவறுகிறார். எதற்கும் அஞ்சாதவரோ அந்த இடத்தைக் கவனியாமலே கடந்துபோகிறார். சில இடங்களில் மட்டும் நிற்கத் தெரிந்தவரே பாதுகாப்பாகச் செயற்படுகிறார்.

8. நான்கு வாரப் பயிற்சி

கிழமைக்கு மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் இருபது நிமிடங்கள் போதும்.

*முதல் வாரம்: பழகுதல்.* எந்த முக்கிய வேலையும் செய்யாதீர்கள். நூலகக் கணினியிலோ வீட்டுக் கணினியிலோ நாளைய வானிலையைப் பாருங்கள். ஊர்ச் செய்தி ஒன்றைத் தேடி வாசியுங்கள். ஒவ்வொரு நாளும் வேண்டுமென்றே ஒரு தவறான இடத்தில் அழுத்தி, முந்திய பக்கத்திற்குத் திரும்பி வாருங்கள். திரும்பும் வழி தெரிந்தபின் தவறும் வழி அச்சுறுத்துவதில்லை.

*இரண்டாம் வாரம்: விசைகளும் சொற்களும்.* உங்கள் விசைப்பலகையில் @ குறி எங்குள்ளது என்பதைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். பிரெஞ்சுப் பக்கங்களில் அடிக்கடி காணப்படும் ஆறு சொற்களைத் திரையில் பார்த்து அடையாளம் காணப் பழகுங்கள்: ‘சுவிவாங்’ என்பது அடுத்தது, ‘ரெத்தூர்’ என்பது பின்செல்லுதல், ‘ஆன்ரெஜிஸ்த்ரே’ என்பது சேமித்தல், ‘ஆன்வொயே’ என்பது அனுப்புதல், ‘அன்யூலே’ என்பது கைவிடுதல், ‘சுப்ரிமே’ என்பது அழித்தல். அவற்றைப் பிரெஞ்சு எழுத்தில் பார்த்து எழுதி, பக்கத்தில் தமிழ்ப் பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*மூன்றாம் வாரம்: ஒரு சிறு செயலைத் தனியே முடித்தல்.* உறவினர் ஒருவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். அல்லது நூலகப் பட்டியலில் ஒரு நூலைத் தேடுங்கள். உதவுபவர் மற்றோர் அறையில் இருக்கட்டும்.

*நான்காம் வாரம்: உண்மையான அலுவல்.* காலக்கெடு நெருங்காத ஒரு சேவையைத் தெரிந்தெடுங்கள். முதலில் தேவையான விவரங்களைத் தாளில் எழுதி அருகில் வையுங்கள். இடையில் நின்றுபோனால் அதனைத் தோல்வியாகக் கொள்ளாமல், எந்த இடத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொண்டு அடுத்த நாள் அங்கிருந்து தொடருங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரு சிறு குறிப்பேட்டில், அன்று நீங்கள் தனியே செய்து முடித்த ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு மாதத்தின் பின் அதை வாசிக்கும்போது, “என்னால் முடியாது” என்ற சொல்லுக்கு உங்கள் கையெழுத்திலேயே மறுமொழி இருக்கும். பொதுக் கணினியைப் பயன்படுத்தினால், முடிந்ததும் உங்கள் கணக்கிலிருந்து வெளியேற மறவாதீர்கள்.

9. எங்கே கற்கலாம்? யாரைக் கேட்கலாம்?

*மொன்றியல் நூலகங்கள்.* பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-தே-நேஜ், செந் லோரான் உள்ளிட்ட பல பகுதிகளில் மாநகர நூலகங்கள் உள்ளன. நகரவாசிகள் கட்டணமின்றி உறுப்பினராகலாம், கணினிகளையும் பயன்படுத்தலாம். கணினிப் பயிற்சி நடைபெறும் நாட்களை உங்கள் நூலகத்தில் கேட்டறியுங்கள்.

*பெரு நூலகம்.* பெர்ரி-யூகாம் மெட்ரோ நிலையத்துடன் இணைந்துள்ள இந்நூலகம் 2005இல் திறக்கப்பட்டது. இங்கும் கணினிகள் உள்ளன.

*அட்வாட்டர் நூலகமும் கணினி மையமும்.* அட்வாட்டர் மெட்ரோ நிலையத்திற்கு அருகில் உள்ளது. இதன் வரலாறு எமது பாடத்திற்குப் பொருத்தமானது. புதிய இயந்திரங்கள் பெருகிய காலத்தில், தொழிலாளருக்குக் கல்வி அளிப்பதற்கென 1828இல் தொடங்கப்பட்ட சங்கமே பின்னர் இந்நூலகமாக வளர்ந்தது. இன்று இங்கு கணினி கற்பிக்கப்படுகின்றது. புதிய கருவியின் முன் தயங்கி நின்றவர்களுக்கு இந்நகரில் கை கொடுக்கும் பணி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகின்றது.

*தொலைபேசி இலக்கங்கள்.* மாநகரசபைச் சேவைகளுக்கு 311. அருகிலுள்ள சமூக உதவி அமைப்புகளை அறிய 211. பதற்றம் கணினியோடு நின்றுவிடாமல் உறக்கத்தையும் அன்றாட வாழ்வையும் பாதிப்பின், உடல்நல, உளநல ஆலோசனைக்கு 811. மோசடிக்கு ஆளானால் முதலில் உங்கள் வங்கிக்கும் காவல்துறைக்கும் அறிவியுங்கள்; பின்னர் கனடிய மோசடித் தடுப்பு மையத்திற்கு 1-888-495-8501.

10. மீள்பார்வை வினாக்கள்

1. அச்சம் தோன்றும்போது தெரிந்த கடவுச்சொல்லும் ஏன் மறந்துபோகின்றது?
2. மன அழுத்தத்தின் நான்கு கூறுகளுள், உங்களைக் கணினியின் முன் மிகவும் தயங்க வைப்பது எது? அதனைக் குறைக்க என்ன செய்யலாம்?
3. தன்னம்பிக்கையின் நான்கு ஊற்றுகளுள் வலிமை மிக்கது எது? ஏன்?
4. உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கற்பிக்கும்போது நீங்கள் கைவிட வேண்டிய பழக்கம் எது?
5. இணையத்தில் நீங்கள் செய்யும் வேலைகளுள், நின்று நிதானிக்க வேண்டிய மூன்றைக் குறிப்பிடுக.

இவ்வினாக்களைக் குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து பேசுதல் சிறந்தது. கற்பவர் தமக்கு அச்சம் தரும் இடத்தைச் சொல்லட்டும். கற்பிப்பவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். அடுத்த முறை நூலகத்தில் @ குறிக்குப் பதிலாக வேறு குறி தோன்றினால், இருக்கையை விட்டு எழ வேண்டாம். “இந்த விசைப்பலகை வேறு” என்று சொல்லிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடமோ நூலகரிடமோ கேளுங்கள். அவர் காட்டும் விசையை உங்கள் கையாலேயே அழுத்துங்கள்.